வார்ப்பிரும்புக் கல்லில் மீன் வறுவல்: ஒட்டினால், கருகினால், தண்ணீர் விட்டால்

மீன் ஒட்டிப் பிய்ந்தால் திட்டு முழுக்கக் கல்லுக்குத்தான் விழும். மறுநாளே நான்ஸ்டிக் தவா வாங்கிவிடுகிறார்கள், நல்ல கல் பரணுக்குப் போய்விடுகிறது. ஆனால் பெரும்பாலும் கோளாறு கல்லில் இல்லை. மீனில் நிற்கும் தண்ணீர்தான் முதல் காரணம், அடுத்தது தீ. கல்லைக் குறை சொல்வது கடைசி. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறோம். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

அளவுகள் எல்லாம் 10 அங்குல வார்ப்பிரும்புக் கல், கேஸ் அடுப்பு, 2 செ.மீ. கனமுள்ள வஞ்சிரம் அல்லது கொடுவா துண்டுகளுக்கு. உங்களுடையது வார்ப்பிரும்பா, தட்டு இரும்பா என்று தெரியாவிட்டால் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வார்ப்பு மணல் மணலாகச் சொரசொரக்கும், கையில் எடுத்தால் கனக்கும். தட்டு இரும்பு வழவழப்பாக, மெலிதாக இருக்கும், சீக்கிரம் காயும், சீக்கிரம் ஆறும். தட்டு இரும்பில் செய்கிறவர்கள் காய வைக்கும் நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

## மீன் கல்லோடு ஒட்டிக்கொள்கிறது

முதலில் எப்படி ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாத் துண்டும் ஒட்டுகிறதா? ஒரே இடத்தில் போடுகிற துண்டு மட்டும் ஒட்டுகிறதா? மசாலா மட்டும் கல்லில் தங்கி, மீன் வெளுத்து வருகிறதா?

எல்லாத் துண்டும் ஒட்டினால்

அவசரப்பட்டுத் திருப்பியிருக்கலாம். மீன் போட்டதும் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அடிப்பக்கம் சிவந்து காய்ந்த பிறகு தானாக விடும். 2 செ.மீ. துண்டுக்கு முதல் பக்கம் 4 நிமிடம் வேண்டும். தோசைத்திருப்பியின் முனையை ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் திருப்பலாம். தடுத்தால் கையை எடுத்துவிட்டு இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். நெம்பினால் தோல் அங்கேயே நின்றுவிடும்.

நேரம் சரியாக இருந்தும் ஒட்டினால் ஈரம். கழுவிய மீனை வடிதட்டில் சாய்த்து 15 நிமிடம் வைத்து, பிறகு பருத்தித் துணியால் இரண்டு பக்கமும் ஒற்றி எடுக்க வேண்டும். வயிற்றுக் குழியிலும் நடுமுள்ளை ஒட்டிய பள்ளத்திலும்தான் தண்ணீர் ஒளிந்திருக்கும், அங்கே துணியை நுழைத்து ஒற்றுங்கள். மசாலாவும் ஓடக்கூடாது. அரைக் கிலோ மீனுக்கு மிளகாய்த்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு தேக்கரண்டி, அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி, அரை எலுமிச்சம்பழச் சாறு. வேறு தண்ணீர் வேண்டாம். தடவி அரைமணி நேரம் ஊறினால் தட்டின் அடியில் செந்நீர் தேங்கும். பலர் அதையும் வழித்து மீன்மேல் பூசுகிறார்கள், ஒட்டுவதற்கு அதுவே போதும். அதைக் கொட்டிவிடுங்கள்.

ஈரமும் இல்லையென்றால் கல் காயவில்லை. வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் காயும். நடுத்தர தீயில் 6 நிமிடமாவது வையுங்கள். விரலால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சொட்டு அங்கேயே உட்கார்ந்து கொதித்தால் போதாது, முத்தாக உருண்டு ஓடினால் காய்ந்துவிட்டது. அந்த நேரத்தில் தீயைக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, அரை நிமிடம் கழித்து மீனை வையுங்கள். எண்ணெயை முதலிலேயே ஊற்றிக் கல்லோடு சேர்த்துக் காயவைத்தால், கல் பதத்துக்கு வருவதற்குள் எண்ணெய் கருகிப் பிசினாகிவிடும்.

ஒரே இடத்தில் மட்டும் ஒட்டினால்

கல் சீராகக் காயவில்லை. காய்ந்த வெறுங்கல்லில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவை மெலிதாகத் தூவிப் பாருங்கள். நடுவில் மட்டும் சிவந்து ஓரம் வெள்ளையாக நின்றால், கல்லுக்குப் பர்னர் சிறிது. பெரிய பர்னருக்கு மாற்றுங்கள், அல்லது சிறு தீயில் 10 நிமிடம் காயவையுங்கள். வலப்பக்கம் மட்டும், இடப்பக்கம் மட்டும் என்று சிவந்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன. அடுப்பு ஆறியபின் பர்னர் மூடியைக் கழற்றி, ஊசியால் ஒவ்வொரு துளையையும் குத்தி, கழுவி, முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். அதற்குப் பிறகும் தீ ஒருபக்கம் சாய்ந்தோ மஞ்சளாகவோ எரிந்தால் அடுப்பு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். கேஸ் வரும் சிறு துளையான ஜெட்டை வீட்டில் நோண்டாதீர்கள்.

மசாலா கல்லில் தங்கி, மீன் வெளுத்து வந்தால்

மசாலா கனமாகப் பூசியிருக்கிறீர்கள், அல்லது ஊறவே விடவில்லை. அரிசி மாவைக் குறைக்காமல் மொத்தப் பூச்சை மெலிதாக்குங்கள். மசாலாவுக்கு அடியில் மீன் தோல் லேசாகத் தெரிய வேண்டும். எண்ணெயில் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பரப்பி அதன்மேல் துண்டை வைப்பது நல்ல வழி. வாசனையும் கிடைக்கும், ஒட்டவும் ஒட்டாது.

இத்தனையும் பார்த்தும் ஒட்டினால்

இப்போதுதான் கல்லைப் பார்க்க வேண்டும். எண்ணெய் இறுகிப் படிந்து பழகிய கல் கருத்து, லேசான மினுமினுப்போடு இருக்கும். சாம்பல் நிறத்தில் வறண்டு கிடந்தால் பழக்கம் போய்விட்டது. புளி, எலுமிச்சை மசாலாவை இரவெல்லாம் கல்லில் விட்டாலோ, ஸ்டீல் நாரால் அழுத்தித் தேய்த்தாலோ இப்படி ஆகும்.

திரும்பப் பழக்க ஒரு மாலை போதும். கல்லைக் கழுவி, தீயில் வைத்து ஈரம் போகக் காய்ச்சுங்கள். அரைத் தேக்கரண்டி கடலை எண்ணெயைத் துணியால் இரண்டு பக்கமும் தடவி, பிறகு வேறு துணியால் எண்ணெயே தடவாதது போலத் தோன்றும்வரை துடைத்தெடுங்கள். துடைக்கும் இந்த வேலையில்தான் பலர் தவறுகிறார்கள். மிச்ச எண்ணெய் பிசுக்காக உறைந்து, அடுத்த முறை மீனை இன்னும் பலமாகப் பிடிக்கும். நடுத்தர தீயில் புகை வரும்வரை வைத்து, புகை அடங்கும்வரை விட்டு, ஆறவிடுங்கள். இப்படி 4, 5 முறை. முதல் இரண்டு வாரம் அதில் புளி, எலுமிச்சை காட்டாமல் வெங்காயம், முட்டை என்று எண்ணெய்ப் பண்டமாகச் செய்யுங்கள்.

வடிகஞ்சியில் இரண்டு நாள் ஊறவைப்பது கடையிலிருந்து வந்த புதுக்கல்லுக்கான பக்குவம். ஏற்கெனவே பழகிய கல்லை அதில் போட்டால், புளித்த கஞ்சி இருக்கிற பழக்கத்தையும் உரித்துவிடும்.

## வெளியே கருகி, உள்ளே வேகவில்லை

தீயைக் குறைப்பதுதான் முதல் மருந்து. கல் காய்ந்ததும் குறைக்க மறந்திருப்பீர்கள். வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தீயைக் குறைத்த பிறகும் இரண்டு மூன்று நிமிடத்துக்குப் பழைய வேகத்திலேயே வேலை செய்யும். கருகுகிறது என்று தெரிந்து தீயைக் குறைப்பதற்குள் காரியம் கைமீறியிருக்கும். அதனால் மீன் வைப்பதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

அடுத்து துண்டின் கனம். இரண்டரை செ.மீ.க்கு மேல் வெட்டிய வஞ்சிரம், முழு விரால் துண்டங்கள், தலைப்பக்கத் துண்டுகள் திறந்த கல்லில் வேகாது. இருபுறமும் கத்தியால் இரண்டு கீறல் போடுங்கள். முதல் பக்கம் சிவந்து திருப்பியதும் 2 நிமிடம் மூடிவைத்து, பிறகு மூடியை எடுத்து ஈரம் போகவிடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே போட்ட துண்டும் நடுவில் குளிர்ந்தே நிற்கும், 20 நிமிடம் வெளியே வைத்துப் போடுங்கள். அதற்கு மேல் வெளியே வேண்டாம்.

வெந்ததா என்று பார்க்க ஈர்க்குச்சி போதும். நடுமுள்ளின் பக்கத்தில் குத்தி லேசாக நெம்புங்கள். சதை முள்ளை விட்டு ஏடு ஏடாகப் பிரிந்து வெள்ளையாக இருந்தால் வெந்துவிட்டது. கண்ணாடி போல மினுங்கி முள்ளைப் பிடித்திருந்தால் வேகவில்லை.

முதல் ஈடு நன்றாக வந்து இரண்டாம் ஈடு மட்டும் கருகி, கசக்கிறதா? கல்லில் உதிர்ந்த முதல் ஈட்டு மசாலா எரிந்து ஒட்டுகிறது. ஒவ்வொரு ஈட்டுக்கும் இடையில் திருப்பியால் சுரண்டி, பழைய எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விடுங்கள். எண்ணெய் வீணாகிறதே என்று தோன்றும். கசந்த நாலு துண்டு மீனைவிட இரண்டு கரண்டி எண்ணெய் மலிவு.

## மொறுமொறுப்பு வரவில்லை, தண்ணீர் விட்டு வேகிறது

கல்லில் ஒரே நேரத்தில் எத்தனை துண்டு வைத்தீர்கள்? 10 அங்குலக் கல்லில் நாலு துண்டுக்கு மேல் கூடாது. துண்டுக்கும் துண்டுக்கும் ஒரு விரல் இடைவெளி வேண்டும். நெருக்கி அடுக்கினால் ஆவி போக வழியில்லாமல் மீன் அவிந்துபோகும். சிவக்கும்வரை மூடி போடாதீர்கள்.

நாலே துண்டு வைத்தும் தண்ணீர் விட்டால், காரணம் ஐஸ். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகள் போகும், ஆனால் பெரிய வஞ்சிரம் அவ்வளவாக வராது. மேற்குக் கரையில் தடை ஜூன் 1இல்தான் தொடங்குகிறது என்பதால், அந்த மாதங்களில் நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துச் சந்தைக்கு வருகிற பெரிய மீன் அங்கிருந்து ஐஸில் பயணம் செய்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அது கெட்ட மீன் அல்ல. ஆனால் சதைக்குள் தண்ணீர் இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் போட்டு ஐஸ் விடவைத்தால் இன்னும் குடிக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓட்டைத் தட்டின்மேல் இரவு முழுக்க வைத்து விடவையுங்கள். மறுநாள் உப்பு மட்டும் தூவிக் கால்மணி நேரம் வைத்து, கசியும் நீரைத் துடைத்துவிட்டு, உப்புக் குறைத்த மசாலா தடவுங்கள்.

இத்தனை பாடு வேண்டாம் என்றால், தடை மாதங்களில் வறுவலுக்குக் கடல் மீனை விட்டுவிட்டு உயிரோடு கிடைக்கும் விராலுக்குப் போய்விடுங்கள். எங்கள் கணக்கில் கல்லுக்கு விரால் வஞ்சிரத்துக்கு ஒரு மாற்றும் குறைந்ததில்லை.

## விரால், கெண்டையில் சேற்று வாசம்

இதைக் கல் தீர்க்காது, கழுவும் இடத்தில்தான் தீரும். விராலைக் கல்லுப்பும் சாம்பலும் போட்டுச் சொரசொரப்பான தரையில் தோல் வெளுக்கும்வரை உரச வேண்டும். வழவழப்பு கொஞ்சம் இருந்தாலும் வாசமும் போகாது, வறுவலும் ஒட்டும். குளத்துக் கெண்டைக்கு வயிற்றுக்குள் இருக்கும் கருஞ்சவ்வை விரலால் உரித்தெடுத்துவிடுங்கள். பிறகு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்த தண்ணீரில், அல்லது மோரில், 15 நிமிடம் போட்டு அலசுங்கள். அதற்கு மேல் ஊறினால் சதை குழையும். அலசிய பிறகு ஒற்றி எடுக்க மறந்தால் மேலே சொன்ன முதல் அறிகுறிக்கே திரும்பி வருவீர்கள்.

## திருப்பும்போது துண்டு உடைகிறது

ஒட்டாமலேயே உடைந்தால் மீன் பழசு, அல்லது துண்டு மெலிசு. விரலால் அழுத்திய பள்ளம் எழும்பாத மீனை வறுவலுக்கு எடுக்காதீர்கள், அது குழம்புக்கும் சந்தேகமே. ஒன்றரை செ.மீ.க்குக் குறைவாக வெட்டச் சொல்லாதீர்கள். துண்டின் நீளத்துக்கும் தாங்குகிற அகலமான திருப்பியை ஒரே வீச்சில் நுழைத்து, ஒரே ஒரு முறை திருப்புங்கள்.

## மீனில் கருப்புத் துகள், அல்லது செந்நிறக் கறை

ஆறிய கல்லை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள்.

துணி கருத்தால் எரிந்த மசாலா, அல்லது தடித்து உரிகிற பழைய எண்ணெய்ப் படிவு. வெதுவெதுப்பான கல்லில் இரண்டு கைப்பிடி வேதாரண்யத்துக் கல்லுப்பைக் கொட்டி, தேங்காய் நாரால் வட்டமாகத் தேய்த்தால் மேல் துகள் போய்விடும். பெயர்ந்து பெயர்ந்து வருகிற இடம் அதிகமிருந்தால் முழுதும் தேய்த்தெடுத்துத் திரும்பப் பழக்குவதே நல்லது.

துணி செம்பழுப்பானால் துரு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா வீடுகளில் இது தவறாமல் வரும். மேலோட்டத் துருவை நாரும் உப்பும் எடுக்கும். எடுத்ததும் தீயில் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். தாமதித்தால் மறுநாளே திரும்பும். தடுப்பது இன்னும் சுலபம். கழுவியதும் 3 நிமிடம் தீயில் வைத்து, கால் தேக்கரண்டி எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றிச் சுவரில் சாய்த்து வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலோ, மூடிவைத்தாலோ உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும்.

துருவைத் தேய்த்த பிறகு விரல் நகம் சிக்குமளவுக்குக் குழிகள் தெரிந்தால் கையால் ஆகிற வேலை இல்லை. வெல்டிங் பட்டறையில் கம்பிப் பிரஷ் சக்கரத்தால் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். உரசுகல் சக்கரம் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது கல்லில் வரிவரியாகக் கீறிவிடும்.

## மறுநாள் தோசையில் மீன் வாசம்

கல்லை வெறுமனே 10 நிமிடம் காயவைத்து, உப்பால் தேய்த்துத் துடைத்து, பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டு முழுக்கத் தேய்த்தால் வாசம் பெரும்பாலும் போகும். முதல் தோசையை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். ஆனால் நாங்கள் சொல்வது, மீனுக்கென்று தனிக்கல் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. வாசம் மட்டும் காரணமில்லை. மீன் வறுத்த கல்லில் படியும் எண்ணெய்ப் பூச்சில் தோசை மாவு பரவாமல் திரளும். தோசை சரியாக வர அந்தப் பூச்சை எடுத்தால் மீன் ஒட்டும். இரண்டையும் ஒரே கல்லிடம் கேட்பது நியாயமில்லை. வீட்டில் ஒருவர் சைவமாக இருந்தாலோ, புரட்டாசி முழுக்கக் கவிச்சி விலக்கினாலோ தனிக்கல் மரியாதையும்கூட.

## சமையலறை முழுக்கப் புகை

எண்ணெயை மாற்றிப் பாருங்கள். செக்குக் கடலை எண்ணெயும் செக்கு நல்லெண்ணெயும் வாசனைக்கு ஈடில்லாதவை, ஆனால் சுத்திகரித்த எண்ணெயைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். பாதிக்குப் பாதி கலந்தால் வாசனையும் நிற்கும், புகையும் குறையும். எண்ணெய் மாற்றியும் புகைந்தால் கல்லின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வழிந்த எண்ணெய் அங்கே தடித்துக் கிடக்கும்.

## கல்லை இறக்கிவைத்துவிட வேண்டிய அறிகுறிகள்

கல்லின் ஓசை மாறினால்: கைப்பிடியில் தூக்கிப்பிடித்து மரக்கரண்டியால் தட்டுங்கள். நல்ல கல் மணி போல இழுத்து ஒலிக்கும். 'டப்' என்று அடங்கினால் விரிசல் இருக்கிறது. காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். விரிந்த வார்ப்பிரும்பை ஒட்டவைத்துச் சமையலுக்கு எடுக்காதீர்கள். அது பழைய இரும்புக் கடைக்குத்தான்.

கண்ணாடி மேல்தட்டு அடுப்பு: 12 அங்குலமும் அதற்கு மேலுமான கனமான கல்லை முழுத்தீயில் வெறுமனே காயவைத்தால், சூடு கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கிக் கண்ணாடி வெடிக்கக்கூடும். கண்ணாடியில் முடி அளவு கீறல் தெரிந்தாலும் அந்தப் பர்னரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேஸ் வாசம்: ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள். ஆரஞ்சு ரப்பர் டியூபுக்கு 5 ஆண்டுதான் ஆயுள். தேதி டியூபிலேயே அச்சிட்டிருக்கும், இன்றைக்கே பாருங்கள்.

சாப்பிட்டதும் நாக்கு சுரீர் என்றால்: வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு நன்றாக வறுத்தாலும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. வாயில் மிளகு கடித்ததுபோல் எரிச்சல், சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு, வயிற்றுப்போக்கு என்று வரும். உடனே சாப்பிடுவதை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் 108. மீந்த துண்டுகளை யாருக்கும் எடுத்துவைக்காதீர்கள், பூனைக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள்.